ஆக்னெஷ் கெலெட்டி

ஆக்னெஷ் கெலெட்டி (ஜனவரி 9, 1921 – ஜனவரி 2, 2025) அங்கேரியைச் சேர்ந்த சீருடற்பயிற்சி (ஜிம்னாஸ்டிக்ஸ்) வீராங்கனையும் பயிற்றுநரும் ஆவார். 1952 ஹெல்சின்கி, 1956 மெல்பேர்ண் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் அங்கேரியின் சார்பில் கலந்துகொண்டு 5 தங்கம், 3 வெள்ளி, 2 வெண்கலம் என மொத்தம் 10 பதக்கங்களை வென்றார். யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது பொய்யான அடையாளத்துடன் மறைந்து வாழ்ந்து உயிர் தப்பியவர். தம் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 31 ஆவது வயதில் பெற்றார். 35 ஆவது வயதில் பெற்ற வெற்றிகளின் மூலம், ஒலிம்பிக் சீருடற்பயிற்சியில் தங்கம் வென்ற பெண்களுள் மிக மூத்தவர் என்ற சிறப்பைப் பெற்றார்.

2019 முதல் தம் இறப்பு வரை, உயிருடன் இருந்த ஒலிம்பிக் வெற்றியாளர்களுள் மிக மூத்தவராக இவர் விளங்கினார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் நிமிர்ந்த உடலுடனும் நெகிழ்வான மூட்டுகளுடனும் காணப்பட்டதால், முதுமையில் உடல் நிமிர்வு, உடற்பயிற்சி ஆகியவை பற்றிய பேச்சுகளில் இவருடைய பெயர் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இளமைக் காலம்

கெலெட்டி அங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். இவருடைய இயற்பெயர் ஆக்னெஷ் கிளைன் என்பதாகும். கெலெட்டி என்பது பின்னர் ஏற்றுக்கொண்ட அங்கேரியக் குடும்பப் பெயர். நான்காவது வயதில் சீருடற்பயிற்சியைத் தொடங்கினார். இசையிலும் பயிற்சி பெற்றுச் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசிப்பதில் தேர்ச்சி அடைந்தார். 1937 ஆம் ஆண்டில், தம் 16 ஆவது வயதில், அங்கேரியின் தேசிய வாகையர் பட்டத்தை வென்றார்.

அவர் தம் ஆற்றலின் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் உலக அரசியல் சூழல் மாறியது. இரண்டாம் உலகப் போர் காரணமாக 1940 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகளும் 1944 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகளும் நடைபெறவில்லை. இதே காலத்தில் அங்கேரிய அரசு யூதர்களின் கல்வி, தொழில், திருமணம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை 1938 முதல் அடுத்தடுத்து இயற்றியது. 1941 இல் யூதர் என்ற காரணத்தால் கெலெட்டி தம் விளையாட்டுக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்.

போர்க்காலம்

1944 மார்ச் 19 இல் ஜெர்மானியப் படைகள் அங்கேரியை ஆக்கிரமித்தன. அவ்வாண்டு மே மாத நடுப்பகுதிக்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையில் 4,30,000 இற்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கேரியிலிருந்து தொடருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

திருமணமான பெண்கள் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்படுவதில்லை என்ற வதந்தியைக் கேள்வியுற்ற கெலெட்டி, 1944 இல் இஷ்த்வான் ஷார்க்கான் என்ற சீருடற்பயிற்சி வீரரை அவசரமாக மணந்துகொண்டார். இத்திருமணம் 1950 இல் மணமுறிவில் முடிந்தது. ஆயினும் அவர் உயிர் பிழைக்கக் காரணமாக இருந்தது வேறொரு முடிவாகும். கிறித்தவப் பெண் ஒருவரின் அடையாள ஆவணங்களை விலைக்கு வாங்கி, அப்பெண்ணின் பெயரிலேயே நாட்டுப்புறத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்து அவர் மறைந்து வாழ்ந்தார்.

அவருடைய தந்தையும் உறவினர் பலரும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். தாயும் சகோதரியும் உயிர் தப்பினர். 1944 டிசம்பர் இறுதி முதல் 1945 பெப்ரவரி 13 வரை புடாபெஸ்ட் நகரம் சோவியத் படைகளின் முற்றுகைக்கு உள்ளாகியிருந்தது. அக்குளிர்காலத்தில், இறந்தவர்களின் உடல்களைக் காலை வேளைகளில் சேகரித்துப் பொதுப் புதைகுழியில் இடும் பணியிலும் கெலெட்டி ஈடுபட்டார்.

மீண்டும் களத்தில்

போருக்குப் பின்னர் செல்லோ வாசித்து வருவாய் ஈட்டிய கெலெட்டி, சீருடற்பயிற்சியையும் மீண்டும் தொடங்கினார். 1946 இல் அங்கேரிய வாகையர் போட்டியில் வெற்றி பெற்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கான அங்கேரிய அணியில் இடம்பெற்றபோதும் கணுக்காலில் தசைநார் கிழிந்ததால் போட்டியிட இயலவில்லை. அவ்வாண்டு அங்கேரிய மகளிர் அணி வெள்ளிப் பதக்கம் வென்றது.

அப்போது அவருக்கு வயது 27. பெரும்பாலான வீராங்கனைகள் ஓய்வைப் பற்றிச் சிந்திக்கும் வயதில் அவர் ஒரு ஒலிம்பிக் போட்டியில்கூடப் பங்கேற்றிருக்கவில்லை. எனினும் அவர் பயிற்சியைக் கைவிடாமல் மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்.

1952 ஹெல்சின்கி

மகளிர் சீருடற்பயிற்சியில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே பதக்கம் வழங்கும் முறை 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்தான் அறிமுகப்படுத்தப்பட்டது. தம் 31 ஆவது வயதில் அங்கு போட்டியிட்ட கெலெட்டி நான்கு பதக்கங்களை வென்றார்.

தங்கம்: தரைப் பயிற்சி
வெள்ளி: அணிப் போட்டி
வெண்கலம்: ஏற்றத்தாழ்வுச் சட்டங்கள்
வெண்கலம்: அணிக் கைக்கருவிப் பயிற்சி

1954 இல் ரோம் நகரில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியில் ஏற்றத்தாழ்வுச் சட்டங்களில் தங்கம் வென்றார். அணிக் கைக்கருவிப் பயிற்சியிலும் அங்கேரி தங்கம் பெற்றது.

1956 மெல்பேர்ண்

1956 அக்டோபர் 23 இல் அங்கேரியில் சோவியத் ஆதரவு ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுச்சி வெடித்தது. நவம்பர் 4 இல் சோவியத் படைகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்து எழுச்சியை ஒடுக்கத் தொடங்கின. நவம்பர் 22 இல் மெல்பேர்ணில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியபோது அங்கேரிய வீரர்கள் தம் நாட்டில் என்ன நடக்கிறது என்பதை முழுமையாக அறிய முடியாத நிலையில் இருந்தனர். சோவியத் நடவடிக்கையைக் கண்டித்து ஸ்பெயின், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் இப்போட்டிகளைப் புறக்கணித்தன. சீருடற்பயிற்சியில் அங்கேரியப் பெண்களின் முதன்மையான எதிரணி சோவியத் அணியே என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தச் சூழலில் கெலெட்டி ஆறு பதக்கங்களை வென்றார்.

தங்கம்: தரைப் பயிற்சி
தங்கம்: சமநிலைச் சட்டம்
தங்கம்: ஏற்றத்தாழ்வுச் சட்டங்கள்
தங்கம்: அணிக் கைக்கருவிப் பயிற்சி
வெள்ளி: தனிநபர் பல்துறை
வெள்ளி: அணிப் போட்டி

தரைப் பயிற்சித் தங்கத்தைச் சோவியத் ஒன்றியத்தின் லரிசா லத்தினினாவுடன் பகிர்ந்துகொண்டார். லத்தினினாவுக்கு அப்போது வயது 21. அவர் கெலெட்டியைவிட ஏறத்தாழ 14 ஆண்டுகள் இளையவர். பின்னாளில் 18 ஒலிம்பிக் பதக்கங்களை வென்றவரும் அவரே. நான்கு தனிக் கருவிகளுள் மூன்றில் கெலெட்டி தங்கம் பெற்றார். நான்காவதான தாண்டுகுதிரையில் லத்தினினா வென்றார். நான்கு கருவிகளின் புள்ளிகளையும் கூட்டிக் கணக்கிடும் தனிநபர் பல்துறைப் போட்டியில் கெலெட்டி 0.3 புள்ளி வேறுபாட்டில் இரண்டாம் இடத்தைப் பெற்றார். நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் பெற்ற அவரே மெல்பேர்ண் போட்டிகளில் மிகச் சிறந்த பெறுபேற்றைப் பெற்றவர் ஆவார்.

போட்டிகளின் முடிவில் கெலெட்டி உட்பட 45 அங்கேரிய வீரர்கள் நாடு திரும்பாமல் ஆஸ்திரேலியாவில் அரசியல் தஞ்சம் கோரினர். சிறிது காலம் அங்கேயே பயிற்றுநராகப் பணியாற்றினார்.

போட்டிப் பிரிவுகள்

கெலெட்டி பதக்கம் வென்ற பிரிவுகளின் தன்மையை அறிவது அவருடைய திறனைப் புரிந்துகொள்ள உதவும்.

தரைப் பயிற்சி: 12 மீட்டர் நீள அகலம் கொண்ட சதுரப் பரப்பில் செய்யப்படுவது. தாவல், சுழற்சி, நடன அசைவுகள் ஆகியவை இதில் அடங்கும். 1950களில் இப்பயிற்சியில் உயரமான தாவல்களைவிட அசைவின் ஒழுங்கும் நெகிழ்வும் முதன்மை பெற்றன.

சமநிலைச் சட்டம்: 5 மீட்டர் நீளமும் 10 சென்றிமீட்டர் அகலமும் கொண்ட சட்டத்தின் மீது செய்யப்படுவது. தற்காலத்தில் இச்சட்டம் தரையிலிருந்து 125 சென்றிமீட்டர் உயரத்தில் அமைக்கப்படுகிறது. சட்டத்தின் அகலம் ஒரு மனிதப் பாதத்தின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலானது.

ஏற்றத்தாழ்வுச் சட்டங்கள்: ஒன்று உயரமாகவும் மற்றொன்று தாழ்வாகவும் அமைந்த இரு சட்டங்களில் தொங்கியும் சுழன்றும் செய்யப்படுவது. கெலெட்டியின் காலத்தில் இரு சட்டங்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தன. எனவே தற்காலத்தில் காணப்படும் பெரும் சுழற்சிகளும் ஒரு சட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பறந்து பற்றும் அசைவுகளும் அப்போது இல்லை.

அணிக் கைக்கருவிப் பயிற்சி: ஓர் அணியைச் சேர்ந்த பெண்கள் அனைவரும் கையில் ஏந்திய சிறு கருவிகளுடன் ஒருங்கே செய்த பயிற்சி. இது ஒலிம்பிக்கில் 1952, 1956 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டுமே இடம்பெற்றது. பந்து, வளையம், நாடா முதலியவற்றைக் கொண்டு செய்யப்படும் இன்றைய சீரிசைச் சீருடற்பயிற்சியின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

சீருடற்பயிற்சியில் வயது

கெலெட்டியின் காலத்தில் முப்பது வயதைக் கடந்த பெண்கள் சீருடற்பயிற்சியில் போட்டியிடுவது அரிதாயினும் வியப்புக்குரியதாக இல்லை. 1970களில் இந்நிலை மாறியது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனெச்சி 14 ஆவது வயதில் தனிநபர் பல்துறைத் தங்கத்தை வென்றார். கடினமான சுழற்சிகளுக்கு மதிப்பெண் கூடியதால் சிறிய, எடை குறைந்த உடல் கொண்ட இளம் சிறுமிகள் முன்னிலைக்கு வந்தனர். வளரும் உடல்களுக்கு ஏற்படும் தீங்கைக் கருதி 1997 முதல் மகளிருக்கான குறைந்தபட்ச வயது 16 ஆக உயர்த்தப்பட்டது.

இதற்கு விதிவிலக்கானவர்களும் உள்ளனர். 1975 இல் பிறந்த ஒக்சானா சுசோவித்தினா 1992 முதல் 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் வரை எட்டு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1925 இல் பிறந்த ஜெர்மனியின் யோகன்னா குவாஸ், தம் 86 ஆவது வயதில் இணைச் சட்டங்களில் செய்த பயிற்சியின் காணொளி மூலம் உலகப் புகழ் பெற்றார். 2012 இல் உலகின் மிக மூத்த சீருடற்பயிற்சி வீராங்கனையாகக் கின்னஸ் உலக சாதனைப் பதிவில் இடம்பெற்றார்.

இஸ்ரேலில்

1957 இல் கெலெட்டி இஸ்ரேலில் குடியேறினார். அவ்வாண்டு நடைபெற்ற மக்கபியா விளையாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். பின்னர் தம் தாயையும் அங்கு வரவழைத்துக்கொண்டார். 1959 இல் அங்கேரியில் பிறந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகன்கள் பிறந்தனர்.

டெல் அவீவ் பல்கலைக்கழகத்திலும், நத்தானியா நகருக்கு அருகில் உள்ள விங்கேட் உடற்கல்வி நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் உடற்கல்வி கற்பித்தார். இஸ்ரேல் தேசிய அணிக்கும் பயிற்சி அளித்தார். அந்நாட்டில் சீருடற்பயிற்சி வளர அடித்தளமிட்டவர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். தாய்நாட்டை விட்டு வெளியேறி ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்குப் பின்னர், 1983 இல் புடாபெஸ்டில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியின்போது மீண்டும் அங்கேரிக்குச் சென்றார். 2015 இல் நிரந்தரமாகவே புடாபெஸ்டுக்குத் திரும்பினார்.

உடல் நிமிர்வும் சீருடற்பயிற்சியும்

நிற்கும்போதும் அமரும்போதும் நடக்கும்போதும் உடலின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் முறையே உடல் அமைவு எனப்படும். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது காது, தோள்பட்டை, இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்காலின் முன்பகுதி ஆகியவை ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்தால் அது நிமிர்ந்த அமைவு எனக் கொள்ளப்படுகிறது.

நிமிர்வு என்பது முதுகெலும்பு கோல் போல நேராக இருப்பது அன்று. முதுகெலும்பு இயல்பாகவே கழுத்துப் பகுதியில் முன்னோக்கியும், மார்புப் பகுதியில் பின்னோக்கியும், இடுப்புப் பகுதியில் மீண்டும் முன்னோக்கியும் வளைந்துள்ளது. இவ்வளைவுகள் ஒரு சுருள்வில் போலச் செயற்பட்டு நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்வைத் தாங்குகின்றன. வளைவுகள் அளவோடு இருப்பதும், அவற்றைத் தாங்கும் தசைகள் குறைந்த முயற்சியில் உடலை நிலைநிறுத்துவதுமே நல்ல அமைவாகும்.

வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோகிராம் எடையுடையது. தலை செங்குத்துக் கோட்டில் இருக்கும்போது அதன் எடையை எலும்புகளே பெரும்பாலும் தாங்குகின்றன. தலை முன்னோக்கிச் சாயும்போது நெம்புகோல் விதிப்படி கழுத்தின் பின்புறத் தசைகள் கூடுதல் விசையுடன் இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது. நெடுநேரம் குனிந்து படிப்பவர்களுக்குக் கழுத்து அலுப்பதற்கு இதுவே காரணம்.

சீருடற்பயிற்சியில் உடல் அமைவு அழகுக்காக மட்டும் வற்புறுத்தப்படுவதில்லை. உடலின் நிறை மையம் பாதங்களுக்கு நேர் மேலே இருக்கும்வரை மட்டுமே சமநிலைச் சட்டத்தின்மீது நிற்க இயலும். 10 சென்றிமீட்டர் அகலமுள்ள சட்டத்தில் இந்த எல்லை மிகக் குறுகியது. இடுப்போ தோளோ சற்று விலகினாலும் அதனை ஈடுசெய்ய உடலின் வேறொரு பகுதி எதிர்த்திசையில் அசைய நேரிடும். கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும்போதும் இதே விதி பொருந்தும். நடுவர்கள் வளைந்த முழங்கால், விலகிய கால்கள், தளர்ந்த உடல் ஆகியவற்றுக்குத் தவறின் அளவைப் பொறுத்து 0.1, 0.3, 0.5 என்ற அளவுகளில் புள்ளிகளைக் கழிக்கின்றனர். கருவியிலிருந்து விழுந்தால் 1 புள்ளி கழிக்கப்படுகிறது. 0.3 புள்ளியில் தங்கத்தை இழந்த கெலெட்டியின் எடுத்துக்காட்டு, இச்சிறு கழிவுகளின் மதிப்பை உணர்த்தும்.

முதுமையில் உடல் நிமிர்வு

வயது கூடும்போது மார்புப் பகுதியின் வளைவு மிகுந்து கூன் விழுவது பரவலாகக் காணப்படுவது. இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

எலும்புப்புரை: மனித எலும்புகளின் அடர்த்தி ஏறத்தாழ 30 வயதளவில் உச்சத்தை அடைந்து பின்னர் மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் இந்த இழப்பு விரைவாகிறது. அடர்த்தி குறைந்த முள்ளெலும்புகள் பெரிய அடி எதுவும் படாமலே முன்புறம் நசுங்கக்கூடும். இவ்வாறு நசுங்கிய எலும்புகள் ஆப்பு வடிவம் பெறுவதால் முதுகு முன்னோக்கி வளைகிறது.

இடைத்தட்டுகளின் தேய்வு: முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டுகள் வயதுடன் நீர்த்தன்மையை இழந்து மெலிகின்றன. முதியோரின் உயரம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தசை நலிவு: முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் பயன்பாடின்றி வலுவிழக்கின்றன.

கூன் விழுந்த முதியோர் அனைவருக்கும் எலும்பு நசுங்கியிருக்கும் என்ற கருத்து தவறானது. மிகுந்த கூன் உடையவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடமே முள்ளெலும்பு முறிவு காணப்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஏனையோரிடம் தட்டுகளின் தேய்வும் தசை நலிவும் முதன்மைக் காரணங்களாகின்றன. தசை நலிவைப் பயிற்சியால் ஓரளவு மீட்க இயலும். முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்த முதியோரிடம் கூன் சிறிதளவு குறைந்தமை பதிவாகியுள்ளது.

மிகுந்த கூன் தோற்றத்தை மட்டும் பாதிப்பதில்லை. மார்புக்கூடு விரிவடைய இடம் குறைவதால் மூச்சு குறைகிறது. நிறை மையம் முன்னோக்கி நகர்வதால் விழும் வாய்ப்பு கூடுகிறது. எலும்புப்புரை உடையவர் விழும்போது இடுப்பெலும்பு முறிவது, அவர் மீண்டும் தனித்து நடமாட இயலாத நிலைக்கு இட்டுச்செல்லக்கூடும். எனவே முதியவர் ஒருவருக்கு நிமிர்வு என்பது, பிறர் உதவியின்றி வாழ்வதுடன் தொடர்புடைய ஒன்றாகும்.

சமநிலையைக் காப்பதற்குக் கண் பார்வை, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர் நரம்புகள் ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வயதுடன் இம்மூன்றும் மங்குகின்றன. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020 இல் பரிந்துரைத்தது. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் குறைந்தது 2 நாட்களும், சமநிலையையும் வலுவையும் இணைத்த பயிற்சியைக் குறைந்தது 3 நாட்களும் செய்யுமாறும் அவ்வமைப்பு கூறுகிறது.

நிமிர்வு பற்றிய தவறான கருத்துகள்

மார்பை முன்தள்ளித் தோள்களைப் பின்னிழுத்து விறைப்பாக நிற்பதே நல்ல அமைவு என்பது பரவலான நம்பிக்கை. இவ்வாறு நெடுநேரம் நிற்பது இடுப்புப் பகுதித் தசைகளை அலுக்கச் செய்யும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான அமர்வு முறை உண்டு என்பதற்கும், குனிந்து அமர்வது மட்டுமே முதுகுவலிக்குக் காரணம் என்பதற்கும் உறுதியான சான்றுகள் இல்லை. ஒரே நிலையில் அசையாமல் நெடுநேரம் இருப்பதைத் தவிர்த்து, அவ்வப்போது நிலையை மாற்றுவதும் எழுந்து நடப்பதும் பயன் தரும்.

மிகுந்த நெகிழ்வே உடல்நலத்தின் அடையாளம் என்பதும் சரியன்று. எலும்புப்புரை உடையவர்கள் முதுகை முன்புறம் ஆழமாக வளைத்துச் செய்யும் பயிற்சிகள் முள்ளெலும்புகளை நசுக்கக்கூடும். இத்தகையோர் மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கெலெட்டியின் முதுமைக் காலம்

தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் கெலெட்டி கால்களை முழுமையாக விரித்துத் தரையில் அமரும் ஆசனத்தைச் செய்து காட்டியதுண்டு. நூறு வயதை எட்டியபோது, அவ்வாறு செய்ய வேண்டாமென அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. 2021 ஜனவரியில் அவருடைய நூறாவது பிறந்தநாளையொட்டி அவரது வாழ்க்கையைக் கூறும் நூலொன்று வெளியிடப்பட்டது. அவருடைய வாழ்க்கை ஆவணப்படங்களுக்கும் பொருளாகியுள்ளது.

அவருடைய நிமிர்வை ஆராய்வோர் இரு செய்திகளைக் கருத்திற்கொள்வர். முதலாவது, குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் குதித்தல், ஊன்றுதல் போன்ற பயிற்சிகளைச் செய்வோரின் எலும்புகள் கூடுதல் அடர்த்தி பெறுகின்றன என்பதாகும். நான்கு வயதில் தொடங்கிய பயிற்சி அவருக்கு இவ்வகையில் உதவியிருக்கக்கூடும். இரண்டாவது, போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் உடற்கல்வி ஆசிரியராகப் பல பத்தாண்டுகள் அவர் உடலை இயக்கிக்கொண்டே இருந்தார் என்பதாகும். இளமையில் சேர்த்த வலு, பயன்பாடு நின்றால் குறைந்துவிடும் என்பதால் இது முதலாவதைவிட முக்கியமானது.

அதேவேளை, ஒருவரின் நீண்ட ஆயுளுக்கு மரபணு, உணவு, மருத்துவ வசதி, தற்செயல் எனப் பல காரணிகள் உள்ளன. கெலெட்டியின் நீண்ட வாழ்வுக்கு உடற்பயிற்சி மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. 1944 இல் அவர் வாங்கிய ஆவணங்கள் ஐயத்துக்குள்ளாகியிருந்தால் அவருடைய வாழ்வு 23 ஆவது வயதிலேயே முடிந்திருக்கும். அவரைப் போலவே பயிற்சி பெற்ற யூத வீரர், வீராங்கனையர் பலர் முகாம்களிலிருந்து திரும்பவில்லை.

பெருமைகளும் விருதுகளும்

1981 இல் அனைத்துலக யூத விளையாட்டுப் புகழ் மன்றத்திலும், 2002 இல் அனைத்துலகச் சீருடற்பயிற்சிப் புகழ் மன்றத்திலும் கெலெட்டி சேர்க்கப்பட்டார். 2004 இல் அங்கேரி அரசு அவருக்கு ‘நாட்டின் விளையாட்டு வீரர்’ என்னும் பட்டத்தை வழங்கியது. 2017 இல் இஸ்ரேலின் உயரிய குடிமை விருதான இஸ்ரேல் பரிசைப் பெற்றார். 265594 என்னும் எண் கொண்ட சிறுகோள் ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மறைவு

கெலெட்டி 2025 ஜனவரி 2 இல் புடாபெஸ்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 103. தம் 104 ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. அவர் பிறந்த நகரமும், அவரைக் கழகத்திலிருந்து நீக்கிய நகரமும், இறுதிக் காலத்தில் அவரைத் தேசத்தின் பெருமையாகக் கொண்டாடிய நகரமும் அதுவே ஆகும்.